அச்சு தாங்குமா?

கௌரவ விரிவுரையாளர், கணினி அறிவியல் துறை

எங்கள் ஊர் அச்சரப்பாக்கம். செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப் பாதையில், மேல்மருவத்தூரை அடுத்து வரும் ஊர். ஊர்ப் பெயருக்கு ஒரு கதை உண்டு. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் இவ்விடத்திற்கு வந்தபோது அச்சு முறிந்து நின்றதாம். புறப்படுமுன் விநாயகரை வணங்க மறந்ததே அதற்குக் காரணமாம். அச்சு இற்ற பாக்கம் அச்சிறுபாக்கம் ஆயிற்று. மக்கள் நாவில் உருண்டு அச்சரப்பாக்கம் ஆயிற்று. ஆட்சீஸ்வரர் கோயிலில் அச்சுமுறி விநாயகர் இன்றும் வீற்றிருக்கிறார்.

கதையை நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விட்டுவிடட்டும். அதில் உள்ள ஓர் உண்மையை மட்டும் யாரும் மறுக்க முடியாது. தேர் என்றால் நம் கண் சிற்பங்களைப் பார்க்கிறது, கலசத்தைப் பார்க்கிறது, வடம் பிடிக்கும் கூட்டத்தைப் பார்க்கிறது. அச்சை யார் பார்க்கிறார்கள்? தேர் ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே எவருக்கும் தெரிவதில்லை.

கணினி உலகத்திலும் இத்தகைய அச்சுகள் உண்டு. அவற்றுள் ஒன்று புதிதாகச் செய்யப்பட்டு வெளிவந்த காலத்தில், அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு வாய்த்தது. அதைப் பற்றி நம் கல்லூரி நண்பர்களோடு பேசவே இக்கட்டுரை.

மனு எழுதுபவர்

தாலுகா அலுவலகத்திற்குப் போயிருப்பீர்கள். வாசலில், மரத்தடியில், ஒரு சிறிய மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊர்ப்புறத்துக் கிழவர் தம் மொழியில் குறையைச் சொல்லுவார். அதை அலுவலகத்திற்குப் புரிகிற மொழியில் அவர் எழுதுவார். உள்ளேயிருந்து பதில் வந்தால், அதைக் கிழவருக்குப் புரிகிற மொழியில் படித்துச் சொல்லுவார். அவர் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஒருவருடைய ஓய்வூதியம் மற்றொருவர் பெயருக்குப் போய்விடும்!

கணினியில் அலுவலகத்தின் இடத்தில் இருப்பது தரவுத்தளம். பெயர், ஊர், வயது, தொகை என்று வரிசை வரிசையாகச் செய்திகளைக் காத்து வைக்கும் கிடங்கு அது. இவ்வாறு செய்திகளை அட்டவணைகளாக வைக்கும் முறையை 1970-ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்துக் காட்டினார். அவ்வழியில் வந்தவற்றுள் ஒன்று போஸ்ட்கிரெஸ். 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் அது தொடங்கியது. 1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயரைப் பெற்றது. இன்று உலகெங்கும் உள்ள தொண்டர்களும் நிறுவனங்களும் சேர்ந்து வளர்க்கும் பொதுச் சொத்து அது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், காசு இல்லை.

கிழவரின் இடத்தில் இருப்பது நாம் எழுதும் நிரல். பைத்தான் மொழியில் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பைத்தானுக்குத் தரவுத்தளத்தின் பேச்சு தெரியாது. தரவுத்தளத்திற்குப் பைத்தானின் பேச்சு தெரியாது. இடையில் மனு எழுதிக் கொடுக்கும் வேலையைச் செய்வதைத்தான் 'கிளையன்ட் லைப்ரரி' என்கிறார்கள். இணைப்பு நூலகம் என்று நாம் சொல்லிக்கொள்வோம். நூலகம் என்றால் புத்தகம் அடுக்கிய அறை என்று எண்ண வேண்டாம். ஒரு முறை எழுதி வைத்து, பல நிரல்கள் எடுத்தாளும் குறிமுறைத் தொகுதிக்கு இத்துறையில் வழங்கும் பெயர் அது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பைத்தான் பேசுவதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் நூலகம் சைக்கோபிஜி. அதனைத் தொடங்கியவர் ஃபெடெரிகோ டி கிரெகோரியோ என்னும் இத்தாலியர். அதன் இரண்டாம் தலைமுறை உலகமெங்கும் எண்ணற்ற வலைத்தளங்களைத் தாங்கி நின்றது. பின்னர் டானியேலே வர்ராத்சோ என்பவர் அதைப் பராமரித்தார். காலம் மாறியது, பைத்தானும் மாறியது. பழைய வீட்டை இடித்து இடித்துப் பூசுவதைவிடப் புதிதாக ஒன்று கட்டுவது நல்லது என்று கருதி, 2020-இல் மூன்றாம் தலைமுறையை எழுத முனைந்தார். 2021 அக்டோபரில் 3.0 என்ற எண்ணோடு அது முறையாக வெளிவந்தது. அதன் மூலநிரல் வெளியீட்டுக்கு முன்னரே கிட்ஹப் தளத்தில் திறந்து கிடந்தது. தாழ்ப்பாள் இல்லை, காவலாளி இல்லை. விரும்பியவர் எடுத்துப் படிக்கலாம், ஓட்டிப் பார்க்கலாம், குறை சொல்லலாம்.

அதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் கடற்கரை ஊர்களில் டி'குரூஸ் என்ற குடும்பப் பெயர் உண்டு. அதில் உள்ள ஒற்றை மேற்கோள் குறி தரவுத்தளத்திற்கு எழுதும் கட்டளையில் 'சொல் இங்கே முடிந்தது' என்ற பொருளைத் தரும். பெயரை அப்படியே கட்டளைக்குள் ஒட்டி எழுதினால் கட்டளை குழம்பும். தீயவன் ஒருவன் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கட்டளையையே எழுதி வைத்தால், கிடங்கே சூறையாடப்படும். பழைய நூலகம் அக்குறிகளுக்கெல்லாம் பாதுகாப்புச் செய்து, பெயரைக் கட்டளையோடு இணைத்து ஒரே தாளாக அனுப்பியது. புதிய நூலகமோ கட்டளையைத் தனியாகவும் பெயரைத் தனியாகவும் அனுப்புகிறது. அச்சிட்ட விண்ணப்பப் படிவம் வேறு. அதில் நாம் நிரப்பும் மை வேறு. மை எவ்வளவுதான் ஊறினாலும் படிவத்தின் வாசகம் மாறாது அன்றோ? முறை அதுதான்.

ஏழு பேரா, பதினொரு பேரா?

2021-ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை. மே 10 முதல் தமிழ்நாடு முழுவதும் ஊரடங்கு. நான் அப்போது முதுகலை மாணவன். கல்லூரி மூடிக் கிடந்தது. இரயிலில் நின்றுகொண்டே செங்கல்பட்டுக்குப் போய்வந்த கால்கள் வீட்டுத் திண்ணையில் முடங்கிக் கிடந்தன.

எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலர் ஒன்று சேர்ந்தனர். பிள்ளைகள் வெளியூரில் மாட்டிக்கொள்ள, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மருந்தும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்தனர். அச்சரப்பாக்கம், தொழுப்பேடு, ஒரத்தி, எலப்பாக்கம் என்று ஊர் ஊராகப் பெயர்கள் சேர்ந்தன. சிலர் கைப்பேசியில் தட்டி அனுப்பினர். சிலர் தாளில் எழுதிக் கொடுத்தனர். யாரோ எப்போதோ பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்த முதியோர் பட்டியல் ஒன்றை ஒருவர் கணினியில் மாற்றிக் கொடுத்தார். எல்லாவற்றையும் என் மடிக்கணினியில் இருந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றினேன். ஊர்வாரியாகப் பட்டியல் எடுத்துத் தரும் சிறு நிரலை, வளர்ந்துகொண்டிருந்த அந்தப் புதிய நூலகத்தைக் கொண்டே எழுதினேன்.

ஒரு வாரம் சென்றது. இரண்டாம் வாரப் பட்டியலை வாங்கிக்கொண்டு போன நண்பன், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றான்.

"டேய், தொழுப்பேட்டுக்கு ஏழு பேருதானா? போன வாரம் தாளைப் பாத்து என் கையால பதினொரு பேருக்குக் குடுத்தேன்டா. பம்பு செட்டுக்குப் பக்கத்து வூட்டு ஆயா பேரக் காணோமே! அதுக்குச் சக்கரை மாத்திரை ரெண்டு நாளைக்குத்தான் இருக்குது."

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். அந்த ஆயா முதலிய நால்வர் பட்டியலில் இல்லை. தரவுத்தளத்தில் ஏற்றிய மொத்தப் பேரை எண்ணினால் கணக்குச் சரியாக இருக்கிறது. தொழுப்பேடு என்று கேட்டால் மட்டும் நால்வர் மறைந்துவிடுகின்றனர்!

"புதுசா என்னமோ லைப்ரரி போட்டேன்னு சொன்னியே, அதுதான் முழுங்கியிருக்கும். பழசையே போடுடா" என்றான் நண்பன்.

புதியதன்மேல் பழி போடுவது உலக வழக்கம். புதிய மருமகள் வந்த அன்று பால் திரிந்தால், யார் மேல் பழி என்று சொல்லவா வேண்டும்? ஆனால் அறிவியல் படித்தவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. பழி சொல்லுமுன் சோதிக்க வேண்டும். தாளைப் பார்த்து அந்த நால்வருக்கும் மருந்து கொண்டுபோகச் சொல்லிவிட்டு, நான் கணினி முன் உட்கார்ந்தேன்.

சாட்சிகள்

முதலில், அதே கேள்வியைப் பழைய நூலகத்தின் வழியாகக் கேட்டேன். அதே ஏழு பேர். அடுத்து, பைத்தான் இல்லாமலேயே தரவுத்தளத்தோடு பேசும் பிஎஸ்கியூஎல் என்ற கருவியில் கேட்டேன். அப்போதும் ஏழு பேர்தாம். மூவரும் ஒரே வாக்கைச் சொல்லிவிட்டதால் வழக்கு முடிந்ததா? இல்லை. இந்த மூன்றுக்கும் அடியில் லிப்பிகியூ என்னும் சி மொழி நூலகம் ஒன்றே இருக்கிறது. மூன்று சாட்சிகளும் ஒரே குடும்பத்தினர். வழக்குத் தீர அயலான் சாட்சி வேண்டும்.

ஆகவே, பெயர்களை வெளியே கொண்டுவராமல், தரவுத்தளத்தையே உள்ளே எண்ணிச் சொல்லும்படி கேட்டேன். ஒவ்வொரு 'தொழுப்பேடு' என்ற சொல்லுக்கும் எத்தனைக் குறியீடு, எத்தனை பைட் என்பதே கேள்வி. வெளியே வருபவை வெறும் எண்கள். வழியில் எழுத்துச் சிதைந்திருக்கும் என்று சொல்ல இடமே இல்லை.

விடை வந்தது. ஏழு பேரின் ஊர்ப் பெயர் 10 குறியீடு, 30 பைட். நால்வரின் ஊர்ப் பெயர் 11 குறியீடு, 33 பைட்!

திரையில் இரண்டும் ஒன்றே. கண்ணுக்கு மயிரிழை வேறுபாடு இல்லை. கணினிக்கோ அவை இரண்டு ஊர்கள்.

'தொ' என்ற ஓர் எழுத்து

இதன் காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தமிழ் படிக்கும் நண்பர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

தொழுப்பேடு என்பதில் நம் கணக்கிற்கு எத்தனை எழுத்து? தொ, ழு, ப், பே, டு என ஐந்து. ஆனால் இன்று உலகெங்கும் வழங்கும் யூனிகோடு முறையில், உயிர்மெய்யும் மெய்யும் தனித்தனிக் குறியீடுகள் அல்ல. அகர உயிர்மெய்க்கு ஒரு குறியீடு. அதன்மேல் ஏறும் கொம்புக்கோ காலுக்கோ புள்ளிக்கோ மற்றொரு குறியீடு. ஆகவே ஐந்து எழுத்துக்குப் பத்துக் குறியீடு. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடம் கொள்ளும். பத்துக்கு முப்பது. எங்கள் அச்சரப்பாக்கம் ஒன்பது எழுத்து, பதினான்கு குறியீடு, நாற்பத்திரண்டு பைட்!

இனி 'தொ'வுக்கு வருவோம். அதில் ஒற்றைக் கொம்பு முன்னே, கால் பின்னே. இந்த ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக எழுதலாம். அல்லது கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறியீடாக எழுதலாம். ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே நிலைதான். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. ஆனால் தரவுத்தளம் வழக்கமாகப் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுத்தான் இரண்டு சொல் ஒன்றா என்று பார்க்கிறது. கைப்பேசியில் தட்டியவர்களின் 'தொ' ஒருவிதம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியவரின் 'தொ' மற்றொரு விதம். நால்வர் மறைந்த மாயம் இதுதான்.

தீர்வும் கையிலேயே இருந்தது. 2020-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பில், இப்படிப்பட்ட இரட்டை வடிவங்களை ஒரே வடிவாக்கும் செயற்கூறு சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டு பட்டியல் முழுவதையும் ஒழுங்கு செய்தேன். இனி எவர் ஏற்றினாலும் ஒழுங்கான வடிவம் மட்டுமே உள்ளே வரலாம் என்று வாசலில் ஒரு காவலும் வைத்தேன். தொழுப்பேடு என்று கேட்டேன். பதினொருவரும் வந்தனர். ஆயாவின் பெயர் மூன்றாவது வரியில் இருந்தது.

புதிய நூலகம் குற்றமற்றது. கொடுத்ததைக் கொடுத்தபடி கொண்டுபோயிற்று. இருந்ததை இருந்தபடி கொண்டுவந்தது. நல்ல மனு எழுதுபவரின் இலக்கணம் வேறென்ன? அச்சு முறியவில்லை, சுமையிலேதான் கோளாறு.

குறை இல்லை என்பதும் சாட்சியே

இந்த அனுபவத்திற்குப் பின் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இந்த நூலகத்தை எழுதியவர் தொழுப்பேட்டைக் கண்டவர் அல்லர். அவருடைய சோதனைகளில் எங்கள் ஊர்ப் பெயர்கள் எப்படி இருக்கும்? நம் பெயர்களோடு நம் வழக்கங்களையும் நாம்தாமே சோதித்துப் பார்க்க வேண்டும்?

நாற்பது வரியில் ஒரு சோதனை எழுதினேன். ஒரு சொல்லைத் தரவுத்தளத்துள் அனுப்புவது, திரும்ப வாங்குவது, அனுப்பியதும் வந்ததும் பைட் மாறாமல் ஒன்றுதானா என்று பார்ப்பது. கருத்து எளியது. சொற்களைத் தேர்வதில்தான் நம் திறமை இருக்கிறது. மதுராந்தகம், பாபுராயன்பேட்டை என்று ஊர்கள். ஒகர ஓகாரங்களை இருவிதமாகவும் எழுதிய சொற்கள். 'ஸ்ரீ' என்பதன் இரண்டு வடிவங்கள். இவை ஒகரம்போல் அல்ல. யூனிகோடு விதிப்படியே இரண்டு வெவ்வேறு எழுத்துக் கோவைகள், எந்த ஒழுங்குபடுத்தலும் இவற்றை ஒன்றாக்காது. முன்னெழுத்தும் புள்ளியுமாக வரும் பெயர்கள். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத நம்மவர் பெயர்கள்.

பின்னர்ப் பிறந்த தேதி. நம் ஊர் முதியவர்களில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. 'தெரியாது' என்பது வேறு. 'வெற்றுச் சொல்' என்பது வேறு. தரவுத்தளத்தில் 'தெரியாது' என்று வைத்தது, பைத்தானிலும் 'தெரியாது' என்றே வர வேண்டும். வெற்றிடமாகவோ சுழியமாகவோ வந்துவிடக் கூடாது. பின்னர்ப் பணம். பத்துக் காசையும் இருபது காசையும் மிதவை எண்ணாக வைத்துக் கூட்டினால் கணினி முப்பது காசைச் சரியாகத் தராது. நுண்ணிய வால் ஒன்று தொங்கும். ஆகவே தொகையைத் துல்லியப் பதின்ம எண்ணாகவே கொண்டுவருகிறதா என்று பார்த்தேன். பின்னர்த் தமிழ் எண்கள். ௧௨ என்று எழுதிக் கொடுத்தால் பைத்தான் அதைப் பன்னிரண்டு என்று புரிந்துகொள்கிறது! போஸ்ட்கிரெஸ் புரிந்துகொள்ளாமல் பிழை என்று திருப்பி அனுப்புகிறது. அந்தப் பிழைச் செய்தி மறையாமல் நம்மிடம் வந்து சேர்கிறதா என்பதும் ஒரு சோதனை.

எல்லாம் தேறின. நான் ஒரு குறையையும் கண்டுபிடிக்கவில்லை. சிலருக்கு இது சப்பென்று இருக்கலாம். 'நாற்பது வரி எழுதி என்ன கிழித்தாய்?' என்று கேட்கலாம். பாலம் கட்டி முடித்தபின் அதன்மேல் பாரவண்டியை ஓட்டிப் பார்க்கிறார்களே, பாலம் இடிந்தால்தான் அந்தச் சோதனைக்குப் பயனா? இடியவில்லை என்று அறிவதே பயன். 2021 அக்டோபரில் 3.0 வெளிவந்த அன்றும் அந்த நாற்பது வரியை ஓட்டினேன். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இன்றும் ஓட்டுகிறேன்.

அந்த நூலகத்தை எழுதியவர் செய்த சோதனைகளோடு ஒப்பிட்டால் நான் செய்தது கடுகளவு. அதே நூலகம் பைத்தானில் மட்டும் எழுதிய வடிவிலும், விரைவுக்காகச் சி மொழிக்கு மாற்றிய வடிவிலும் கிடைக்கிறது. ஒரே சோதனைக் கொத்து இரண்டையும் பதம் பார்க்கிறது. பைத்தானின் பல பதிப்புகள், போஸ்ட்கிரெஸின் பல பதிப்புகள் என்று மாற்றி மாற்றி இணைத்து, ஒவ்வொரு திருத்தத்திற்கும் சோதனைகள் தாமாகவே ஓடுகின்றன. ஒரு வரியை மாற்றினால் நூறு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அந்த வரி உள்ளே போக முடியும். 2023 ஏப்ரலில், ஜாங்கோ என்னும் புகழ்பெற்ற வலைச் சட்டகம் தன் 4.2-ஆம் பதிப்பில் இந்த நூலகத்திற்கு இடம் தந்தது என்றால், அந்த நம்பிக்கை இப்படித்தான் சம்பாதிக்கப்பட்டது.

ஊர் கூடி இழுக்கும் தேர்

'யாரோ வெளிநாட்டார் எழுதியது, நமக்கென்ன?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன். இது கட்டற்ற மென்பொருள். எல்ஜிபிஎல் என்ற உரிமத்தோடு தரப்பட்டது. பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கும் தரலாம். திருத்தியதைப் பிறருக்குத் தரும்போது அந்த உரிமையையும் சேர்த்துத் தர வேண்டும் என்பதே நிபந்தனை. கோயில் குளத்து நீரைப் போன்றது. மொண்டுகொள்ளலாம், வேலி போட்டுக்கொள்ள முடியாது.

தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கவும், தமிழ் நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கவும் ஓப்பன்-தமிழ் என்றொரு நூலகம் இருக்கிறது. எழில் என்ற தமிழ் நிரல் மொழியைப் படைத்த முத்து அண்ணாமலையும் நண்பர்களும் அதை உருவாக்கி எல்லார்க்கும் பொதுவாக்கினர். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்னவென்று பைத்தானை நேரே கேட்டால் ஐந்து என்னும். இந்நூலகத்தின் வழியாக எழுத்துகளைப் பிரித்து எண்ணினால் மூன்று என்று சரியாக வரும். அதனோடும் சோதனைகள் சேர்ந்தே வெளிவருகின்றன. 2012-இல் தொடங்கிய கணியம் இதழ், கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்றுத் தருகிறது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' என்ற நூலைக் காசின்றி இறக்கிப் படித்துத் தரவுத்தளம் கற்றவர்களில் நானும் ஒருவன். எங்கள் இரயில் பாதையிலேயே விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தந்துவருகிறது. சென்னைக்குப் போனால்தான் கணினி என்ற காலம் போய்விட்டது.

நம் கல்லூரி மாணவர் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். 'இவ்வளவு பெரிய மென்பொருளில் நாம் என்ன செய்துவிட முடியும்?' என்ற தயக்கம் அவர்களுக்கு உண்டு. எனக்கும் அது தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது, முதலில் சோதியுங்கள் என்பதுதான். எழுதுவதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். சோதிப்பதற்கு நேர்மையும் பொறுமையும் நம் ஊரைப் பற்றிய அறிவும் போதும். கடைசியாகச் சொன்னது நம்மிடம் மட்டுமே இருக்கிறது.

குறை கண்டால் எழுதுங்கள். அதற்கும் ஒரு முறை உண்டு. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்று முதலில் சொல்ல வேண்டும். குறையைக் காட்டும் மிகச் சிறிய நிரலைத் தர வேண்டும். ஆயிரம் வரியை அள்ளிக் கொட்டக் கூடாது. என்ன வரும் என்று எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்று இரண்டையும் எழுத வேண்டும். எழுதியவரைத் திட்டக் கூடாது. அவர் நமக்குக் கடன்பட்டவர் அல்லர். இரவு விழித்துச் செய்ததை இலவசமாகத் தந்தவர். அதே சமயம் கூசவும் வேண்டாம். ஆங்கிலம் பிழையாக இருக்குமே என்று அஞ்ச வேண்டாம். சான்று சரியாக இருந்தால் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம்முடைய பெயரும், நம் பெற்றோரின் பெயரும், நம் ஊரின் பெயரும் இன்று எத்தனைத் தரவுத்தளங்களில் இருக்கின்றன! மதிப்பெண், உதவித்தொகை, ஓய்வூதியம், மருத்துவம் என்று வாழ்க்கையே பட்டியலாகிவிட்டது. ஓர் எழுத்தில் ஒரு குறியீடு கூடினால், உயிரோடு இருக்கும் ஒருவர் பட்டியலில் இல்லாமற் போகிறார். அவர் தம் குறையை யாரிடம் சொல்லுவார்? கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றன என்று அந்த ஆயாவுக்குத் தெரியுமா? தெரிந்துகொள்ள வேண்டியது அவர் கடமையா, படித்த நம் கடமையா?

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். தேர் புறப்படுமுன் குனிந்து அச்சைத் தட்டிப் பார்க்கவும் சிலர் வேண்டும். அந்தச் சிலரில் நம் கல்லூரி மாணவரும் இருக்கட்டும்.